ஏழாவது கிண்ணம்

அக்டோபர் பத்தொன்பதாம் தேதி, சனிக்கிழமை மாலை, படகுத்துறைக்குப் போகும் கடைத்தெருவில் உள்ள 'ஒன்பது வளைவு' உணவகத்தில் எழுபத்திரண்டு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரின் ஒரு கையும் பக்கத்தில் இருந்தவரின் கையோடு சிவப்புத் துணியால் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது.

அந்த இடத்தின் ஏற்பாடே அதுதான். தூர தேசத்து மலைச் சமையல். உணவகம் முழுக்க மலைக் கொள்ளையர்களின் குகை மாதிரி. சிமெண்டில் செய்த பாறைச் சுவர், கூரையிலிருந்து தொங்கும் புகை படிந்த விளக்குகள். வருகிறவர்களை வாசலிலேயே முகமூடி போட்ட பரிமாறுபவர்கள் 'சிறைபிடித்து', இருவர் இருவராகக் கையைக் கட்டி உட்கார வைப்பார்கள். பிறகு ஒன்றன்பின் ஒன்றாக ஒன்பது கிண்ணங்கள் வரும். ஒவ்வொன்றுக்கும் வளைவு என்று பெயர். அந்த நாட்டு மலைமிளகு உறைப்பதைவிட மரக்கச் செய்வதுதான் அதிகம். மூன்றாவது கிண்ணத்தில் உதடு சுருசுருக்கும், ஐந்தாவதில் நாக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கத் தோன்றும். ஒன்பதையும் முடித்தவரை மூங்கில் பல்லக்கில் உட்கார வைத்து, வெண்கலத் தட்டை அடித்துக்கொண்டு தெருவில் ஒரு சுற்றுச் சுற்றி வருவார்கள். சுற்றுலாப் பயணிகள் முன்பதிவு செய்து வருவது இதற்காகத்தான். உள்ளூர்க்காரர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

சுவரோர மேஜை ஒன்றில் நான்கு பேர். டிரைவிங் மாஸ்டர், அவர் மனைவி, எதிரே மனைவியின் தம்பி, தம்பியின் மனைவி. மாஸ்டர் அந்த ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். அவர் மனைவிக்குப் படகுத்துறை டிக்கெட் கவுண்டரில் வேலை. தம்பி வெளிநாட்டில் குளிர்பதனக் கிடங்கு ஒன்றின் மேலாளர். பத்து நாள் விடுப்பில் வந்திருந்தான். மேஜையை இரண்டு மாதத்துக்கு முன்பே பதிவு செய்தது அவன்தான். மதியம் எல்லோரையும் படகில் கூட்டிப்போனதும் அவன்தான். அலையில் படகு ஆடி, மாஸ்டருக்குத் தலை சுற்றி, வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் படுத்து எழுந்திருந்தார்.

"உள்ளூர்லயே இருந்துக்கிட்டு ஒரு தடவைகூட இங்க வந்ததில்லையா அத்தான்? கடல் தாண்டி வந்து நான் காட்ட வேண்டியிருக்கு."

"வரணும்னுதான் இருந்தேன் மாப்ள. ஆனா கையைக் கட்டிப்போட்டு சோறு போடறது எங்க வீட்லயே நடக்குதே. அதுக்கு எதுக்குத் தனியா பில்லு?"

"ஆமா, ரொம்பக் கட்டிட்டாங்க உங்களை" என்றாள் மனைவி. மாஸ்டரின் வலது கை அவளுடைய இடது கையோடு கட்டப்பட்டிருந்தது. அவள் கிண்ணத்தைத் தூக்கும்போதெல்லாம் அவர் வேண்டுமென்றே கையை ஓர் இழுப்பு இழுத்துச் சாற்றைச் சிந்த வைத்துக்கொண்டிருந்தார்.

மேஜைக்கு அடியில் இன்னொரு விஷயம் நடந்துகொண்டிருந்தது. பயிற்சிக் காரில் மாணவர் தவறு செய்தால் மிதிக்க மாஸ்டரின் காலடியில் ஒரு தனி பிரேக் உண்டு. வீட்டு விசேஷங்களில் அந்த பிரேக் மனைவியின் கால். யாராவது பெருமை அடித்தால் ஒரு மிதி, அதில் பொய் கலந்திருந்தால் இரண்டு. இருபத்திரண்டு வருடத்தில் இந்தக் கணக்கு மூன்றாம் ஆளுக்குத் தெரிந்ததில்லை.

ஐந்தாவது கிண்ணத்துக்குள் நால்வருக்கும் பேச்சு குழறியது. தம்பி மனைவி "தண்ணி" என்று கேட்க முயன்று, சிரிப்பு வந்து, கடைவாயில் ஒழுகிய சிவப்பு எண்ணெயைத் துடைத்தாள். மாஸ்டர் அவளைப் போலவே பேசிக் காட்டினார். பக்கத்து மேஜைகளிலும் அதே கூத்து. யாரோ "எங்களை விட்டுடுங்க!" என்று கத்த, கொள்ளைத் தலைவன் வேடத்தில் இருந்தவன் மேஜை மேஜையாக வந்து, "மீட்புத் தொகை எங்கே?" என்று கர்ஜித்தான். மீட்புத் தொகை என்பது ஒரு பாட்டு. கத்துகிறவர்கள் பாட வேண்டும், மற்றவர்கள் கைதட்டுவார்கள்.

ஆறாவது கிண்ணம் காளானும் மீனும். தம்பி கட்டாத கையால் போனை எடுத்து, வெளிநாட்டில் இருந்த மகனை வீடியோவில் கூப்பிட்டு, புது வீட்டைச் சுற்றிக் காட்டச் சொன்னான்.

"இது ஹாலு. அந்தப் பக்கம் நாலு பெட்ரூம் அக்கா. நாலுலயும் தனித்தனி பாத்ரூம்."

மேஜைக்கு அடியில் இரண்டு மிதி விழுந்தது. மாஸ்டரின் மனைவி சிரிப்பை அடக்கிக் கிண்ணத்துக்குள் பார்த்தாள்.

வெண்கலத் தட்டு ஒலித்தது. ஏழாவது கிண்ணம் வந்தது. கறுத்த சாறு, மேலே மிளகு மிதந்தது. நால்வரும் ஒரே நேரத்தில் குடித்தார்கள். தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு, தான் பதிவு செய்திருக்கும் காரைப் பற்றி ஆரம்பித்தான். அது தானே ஓடுமாம், தானே நிறுத்திக்கொள்ளுமாம். "உங்க தொழிலுக்கே ஆப்பு வச்சிட்டானுங்க அத்தான். நான் பின்சீட்டுல தூங்கிட்டேதான் ஆபீஸ் போகப்போறேன்."

இதற்கு மூன்று மிதியாவது விழும் என்று அவள் காத்திருந்தாள். ஒன்றும் விழவில்லை.

திரும்பிப் பார்த்தாள். மாஸ்டர் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு முகத்தின் ஒரு பாதியில் மட்டும் இருந்தது. ஏதோ சொன்னார். சொல்லாக வரவில்லை, தொண்டையில் உருண்ட ஒரு சத்தம்.

"அத்தானுக்கு நாக்கு போயிடுச்சு!" தம்பி மேஜையைத் தட்டிச் சிரித்தான்.

அவளும் சிரித்தாள். அவளுடைய உதடும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டுதான் இருந்தது. விரலால் தொட்டால் வேறு யாருடைய உதட்டையோ தொடுவது போல. ஆனால் துணிக்கு மறுமுனையில் இழுப்பு இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மாலை முழுக்கச் சும்மா இராத கை. இப்போது அவள் கையைத் தூக்கினால் அதுவும் எழுந்தது, இறக்கினால் இறங்கியது. நனைந்த மூட்டையைக் கட்டிவிட்ட மாதிரி ஒரு கனம்.

"என்னங்க, கையை இழுங்க."

அவர் அவளைப் பார்த்தார். பார்வை அவள் மேல் நிற்காமல் காதுக்குப் பக்கத்தில் போய் நின்றது.

"தம்பி, இவருக்கு என்னமோ பண்ணுதுடா."

"அக்கா, நடிக்கிறாரு. என் கல்யாணத்துல பந்தியில செத்த மாதிரி சாஞ்சு, எங்க மாமியாரை ஒப்பாரி வைக்க வச்ச ஆளு இவரு. மறந்துட்டியா?"

மறக்கவில்லை. அன்றைக்கு முதலில் அழுதவளே அவள்தான். பிறகு இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அந்த நினைப்பில் கொஞ்சம் தயங்கினாள். இப்போது ஊரைக் கூட்டினால், அவர் கண்ணைச் சிமிட்டி எழுந்து உட்கார்ந்தால், வருடக் கணக்கில் இதையே சொல்லிச் சிரிப்பார்கள். அந்தத் தயக்கத்தில் எவ்வளவு நேரம் போனது என்று பிறகு அவளால் சொல்ல முடியவில்லை. அவருடைய வாயின் வலது ஓரத்திலிருந்து சாறு வழிந்து சட்டைக் காலரில் இறங்கியது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

"எனக்கும்தான் ஒழுகுது அண்ணி, பாருங்க" என்றாள் தம்பி மனைவி. அவளுக்கும் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது.

மாஸ்டரின் மனைவி தன் காலை நகர்த்தி அவர் காலை மிதித்தாள். பதில் இல்லை. அழுத்தி மிதித்தாள். பிறகு செருப்பின் குதியால் உதைத்தாள், வீட்டில் என்றால் அலறியிருப்பார். குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தாள். கட்டிய கை அவளோடு இறங்க, அவர் உடம்பும் அவள் பக்கமாகச் சாய்ந்தது. கீழே அவருடைய வலது பாதம் பக்கவாட்டில் மடங்கிக் கிடந்தது. யாரோ கழற்றிப் போட்ட செருப்பு போல இருந்தது.

நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள்.

"டேய். மிளகு காலுக்கு இறங்குமா?"

"என்னக்கா?"

"கால் செத்துக் கிடக்குடா. தின்ன மிளகு காலை மரக்க வைக்குமா? சொல்லு!"

தம்பி எட்டிப் பார்த்தான். அவன் சிரிப்பு போய்விட்டது. மரத்த உதடுகளுக்கு அது தெரியவில்லை. அவை அப்படியே விரிந்திருந்தன. அந்த முகத்தைப் பார்த்து அவளுக்கு இன்னும் பயம் வந்தது.

அவள் கட்டாத கையைத் தூக்கிக் கத்தினாள். "யாராவது வாங்க! அவிழ்த்து விடுங்க! ஆஸ்பத்திரிக்குப் போகணும்!"

நாக்கு ஒத்துழைக்கவில்லை. வார்த்தைகள் கொழகொழவென்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. அவள் காதுக்கே அது குடித்தவள் பேச்சு மாதிரிதான் கேட்டது. அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நாலைந்து போன்கள் மேலே எழுந்தன.

"கைதிகள் தப்பிக்கப் பார்க்கிறார்கள்!" கொள்ளைத் தலைவன் மரக்கத்தியைச் சுழற்றிக்கொண்டு வந்தான். "மீட்புத் தொகை எங்கே?"

"பாட்டு! பாட்டு! பாட்டு!" மேஜைகள் தாளம் போட்டன.

"பாட்டு இல்லைங்க, இவரைப் பாருங்க, இவரைப் பாருங்க!"

"ஆகா, என்ன அருமையாக் கெஞ்சுறா!" யாரோ சொல்ல, கைதட்டல் எழுந்தது. அவள் அழுதாள். அழுகைக்கு இன்னும் பலமாகத் தட்டினார்கள். அந்த அறையில் கெஞ்சுவது, அழுவது, விடச் சொல்வது எல்லாமே ஏற்கெனவே விளையாட்டில் சேர்க்கப்பட்டிருந்தன. நிஜம் என்று சொல்ல அவளிடம் மிச்சம் எதுவும் இல்லை.

அப்போது மாஸ்டர் நாற்காலியிலிருந்து வழுக்கினார். கட்டு அவளையும் இழுத்தது. இருவரும் விழுந்தார்கள். நாற்காலி ஒன்று அவர்கள் மேல் சரிந்தது. குகையே சிரிப்பில் அதிர்ந்தது. தரையில் அவர் முகம் அவள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. மாணவன் ஒருவன் காரை ஒருமுறை நேராகக் குளத்துக்குள் விட்டபோதுகூட, ஈரச் சட்டையோடு வீட்டுக்கு வந்து சிரித்த மனுஷன். அந்தக் கண்களில் அவள் பயத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. என்ன நடக்கிறதென்று அவருக்குத் தெரிந்திருந்தது. சொல்ல முடியவில்லை.

தம்பி எழுந்தான். அவன் எழுந்ததும் கட்டோடு அவன் மனைவியும் எழ, கிண்ணங்கள் கவிழ்ந்தன. இருவருமாகத் தட்டுத்தடுமாறிச் சுற்றிவந்து, கொள்ளைத் தலைவனின் முகமூடியைப் பிடித்து இழுத்தான். வார் அறுந்தது. உள்ளே வேர்த்து விறுவிறுத்த, இரட்டைத் தாடை கொண்ட நடுவயதுக்காரர் ஒருவர் இருந்தார்.

"சார், மாஸ்க்குல கை வைக்கக் கூடாது சார்..."

"யோவ், கீழ பாருய்யா! கை காலு விழுந்துடுச்சுய்யா அவருக்கு!"

அவர் பார்த்தார். மரக்கத்தியைக் கீழே போட்டார். குரல் சாதாரணக் குரலாகிவிட்டது. "பாட்டை நிறுத்துங்கடா. லைட்டைப் போடுங்க. எல்லா லைட்டும்."

வெள்ளை விளக்குகள் எரிந்தன. பாறைச் சுவரில் பெயிண்ட் உரிந்திருந்தது தெரிந்தது. அந்தப் பக்க மேஜையில் கடைசியாக ஒருவர் மட்டும் இன்னும் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு அவரும் நிறுத்தினார்.

சாற்றில் நனைந்த முடிச்சு அவிழவில்லை. சமையலறையிலிருந்து கத்தரி வந்தது. வெட்டும்போது தலைவன் வேடக்காரர் முனகிக்கொண்டே இருந்தார். "மன்னிச்சிடுங்கம்மா. தினமும் பத்துப் பேராவது இப்படித்தான் கத்துவாங்க. கத்தறதுக்குன்னே வர்றாங்கம்மா. எங்களுக்கு எப்படித் தெரியும்?"

கட்டு விட்டதும் அவள் கணவரின் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆம்புலன்ஸ் கூப்பிட்டாயிற்று. சனிக்கிழமை மாலை அந்தத் தெருவில் வண்டி நுழைய முடியாது; இரண்டு முனையிலும் இரும்புத் தூண்கள். மணிக்கூண்டு முனைக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். கொண்டுபோக ஸ்ட்ரெச்சர் இல்லை. நாற்காலிகளுக்குக் கைப்பிடி இல்லை. இருந்தது மூங்கில் பல்லக்கு ஒன்றுதான். அதில் அவரைச் சாய்த்து, விழாமல் இருக்க மீந்த சிவப்புத் துணியாலேயே இடுப்பைக் கட்டினார்கள். நான்கு பேர் தூக்கினார்கள். அவள் பக்கத்தில் நடந்து அவர் தலையைத் தன் தோளோடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

வாசலில் நின்றவனுக்கு உள்ளே நடந்தது தெரியாது. பல்லக்கு வெளியே வந்ததைப் பார்த்ததும் வழக்கம்போல வெண்கலத் தட்டை ஓங்கி அடித்தான்.

தெரு திரும்பிப் பார்த்து ஆரவாரம் செய்தது. ஐஸ்கிரீம் வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். குழந்தையைத் தோளில் வைத்திருந்த ஒருவர் ஓடிவந்து பல்லக்குக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார். "ஒன்பதையும் முடிச்சிட்டார் போல, ஆள் தொங்கிட்டார் பாரு!" வழி அடைத்துக்கொண்டது.

"வழி விடுங்க! உயிர் போகுது, வழி விடுங்க!" தூக்கியவர்கள் கத்தினார்கள். தினமும் அவர்கள் கத்துவது அதைத்தான்.

"முகமூடியைக் கழட்டுங்க" என்றாள் அவள். யாருக்கும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவனின் முகமூடியை அவளே பிடுங்கி எறிந்தாள். மற்றவர்களும் ஒற்றைக் கையால் கழற்றினார்கள். நான்கு வெளிறிய முகங்களைப் பார்த்த பிறகுதான் முன்வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்தினாள். அங்கிருந்து சத்தம் மெல்லப் பின்னோக்கி அடங்கிக்கொண்டே போனது. கூட்டம் பிளந்தது. அவர்கள் ஓடினார்கள். மூங்கில் கிறீச்சிட்டது. ஒவ்வொரு குலுக்கலிலும் அவர் தலை அவள் தோளில் மோதியது. மூச்சு வருகிறதா என்று அவள் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே ஓடினாள்.

மருத்துவமனையில் அவசரப் பிரிவு டாக்டர் இளம்பெண். மாஸ்டரின் ஸ்கேனைப் பார்த்துவிட்டு வெளியே வந்து நேராகக் கேட்டார்.

"மூளைக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. கரைக்க மருந்து இருக்கு. ஆனா ஆரம்பிச்சு சில மணி நேரத்துக்குள்ள போட்டாத்தான் பலன். தாண்டிப் போட்டா உள்ளே ரத்தம் கசிஞ்சு உயிருக்கே ஆபத்து. எப்ப ஆரம்பிச்சுது?"

"மத்தியானத்துலேருந்தே ஒரு மாதிரியாத்தான் இருந்தார் டாக்டர்" என்றான் தம்பி. "படகுலயே தலை சுத்துதுன்னார். வந்து படுத்துட்டார்."

டாக்டர் முகம் மாறியது. "மத்தியானம்னா மருந்து போட முடியாது."

"இல்ல!" அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். உணவகத்தில் அக்காவை நம்பாமல் சிரித்தது தான் என்பதால் அதற்கு முன்பே நேர்ந்ததாக இருந்தால் அவனுக்கு நல்லது. அதை அவன் யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. அவள் டாக்டரிடம் திரும்பினாள். "அது படகு ஆட்டத்துல வந்த தலைசுத்தல். எழுந்து நல்லாத்தான் நடந்து வந்தார். ஆறாவது கிண்ணம் வரைக்கும் நல்லா இருந்தார்."

"எப்படிச் சொல்றீங்க? வாய் எல்லாருக்கும் மரத்திருந்துச்சுங்கறீங்க. கை கட்டியிருந்துச்சுங்கறீங்க."

"காலு. வலது காலால என் காலை மிதிச்சார். ரெண்டு தடவை."

"தெரியாம பட்டிருக்கலாம்."

"இல்லைங்க. தெரிஞ்சுதான்." அவள் தம்பியைக் காட்டினாள். "இவன் பேசும்போது மிதிப்பார். பெருமை அடிச்சா ஒண்ணு. பொய் சொன்னா ரெண்டு. இவன் போன்ல மகன்கிட்ட வீட்டைக் காட்டச் சொல்லி, நாலு பெட்ரூம்னான். அப்ப ரெண்டு மிதிச்சார்."

தம்பி நிமிர்ந்தான். அவன் மனைவி அவனைப் பார்த்தாள், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சார்," என்றார் டாக்டர், "அந்த போன் பேசினது எப்ப?"

அவன் போனைத் திறந்தான். விரல் இரண்டு முறை தவறியது. "ஏழு மணி ஆறு நிமிஷம். ஏழு பதினொண்ணு வரைக்கும் பேசியிருக்கேன்."

"அவர் மிதிச்சது நீங்க சொன்னதைக் கேட்டுப் புரிஞ்சுக்கிட்டுத்தானா? அது எனக்கு முக்கியம்."

அவன் போனை அணைத்தான். மரப்பு இன்னும் போகாத உதடுகளை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டான்.

"புரிஞ்சுதான் டாக்டர். வீட்ல மூணு பெட்ரூம்தான்."

டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு பத்து. நர்சைக் கூப்பிட்டுக்கொண்டே உள்ளே போனார்.

கதவு மூடியது. அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். இடது மணிக்கட்டில் சிவப்புத் துணியின் ஒரு துண்டு இன்னும் இறுகிக் கிடந்தது. தம்பி அதை அவிழ்க்கக் குனிந்தான். அவள் கையை இழுத்துக்கொண்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ ஓடும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து நின்றாள். சத்தம் வேறு பக்கம் போனதும் உட்கார்ந்தாள். வாயில் மரப்பு குறைந்து நாக்கு திரும்பி வந்தது. பற்கள் கடகடவென்று அடித்துக்கொள்வது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

மருந்து எட்டு இருபத்தைந்துக்கு ஏற்றப்பட்டது. டிரைவிங் மாஸ்டர் பதினாறு நாள் மருத்துவமனையில் இருந்தார். தம்பி விடுப்பை ஒரு வாரம் நீட்டித்து, பிறகு வெளிநாடு திரும்பினான். 'ஒன்பது வளைவு' இரண்டு நாள் மூடியிருந்து, செவ்வாய்க்கிழமை திறந்தது. மாஸ்டருக்குப் பேச்சு மூன்று மாதத்தில் பெரும்பாலும் வந்தது, கைத்தடியோடு நடந்தார், வலது கை வேலைக்கு ஆகவில்லை. பயிற்சிப் பள்ளி அவருடைய காருக்கு வேறு ஆளை எடுத்தது. அவருக்கு வகுப்பறையில் சாலை விதிகள் நடத்தும் வேலை கொடுத்தார்கள்.